பெயரை மறைத்து வாழ்ந்த பெண்

உங்கள் பெயரை நீங்களே எழுதக் கற்றுக்கொண்டீர்கள். இப்போது கைநாட்டு வைப்பதில்லை, கையெழுத்துப் போடுகிறீர்கள். ரேஷன் கார்டைக் கொடுத்தால் உங்கள் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுகிறீர்கள். சொந்தப் பெயரை எழுத்தில் பார்ப்பது ஒரு தனி சந்தோஷம்தான்.

அந்தப் பெயரே உயிருக்கு ஆபத்தாக மாறினால் என்ன செய்வது?

ஜெர்மனி நாட்டில் ஓர் இளம்பெண்ணுக்கு அப்படி ஒரு காலம் வந்தது. யாராவது பெயரைக் கேட்டால் அவர் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் பிடித்துக்கொண்டு போவார்கள். போனவர்கள் திரும்பி வருவதில்லை. 1943 ஜனவரி முதல் 1945இல் போர் முடியும் வரை அந்தப் பெண் தன் தாயோடு ஒளிந்து வாழ்ந்தார். காட்டிலோ மலையிலோ அல்ல. நாட்டின் தலைநகரமான பெர்லினில், எதிரிகளின் கண்முன்னே வாழ்ந்தார்.

அவர் பெயர் இங்கே டாய்ச்குரோன். "இங்கே வா" என்று நாம் கூப்பிடுகிறோமே, கிட்டத்தட்ட அதே உச்சரிப்பு. படிக்கும்போது குழப்பம் வராமல் இருக்க, 'இங்கா' என்றே எழுதுகிறோம்.

அவர் செய்த குற்றம் என்ன?

ஒரு குற்றமும் இல்லை. அவர் யூதர். அவ்வளவுதான்.

யூதர்கள் மிகப் பழைய மதம் ஒன்றைப் பின்பற்றும் மக்கள். உலகின் பல நாடுகளில் வாழ்கிறார்கள். நம் நாட்டிலும் கொச்சி, மும்பை போன்ற இடங்களில் பல தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். ஜெர்மனியில் 1933இல் சுமார் 5 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். நூறு பேரை எண்ணினால் அதில் ஒரு யூதர்கூட இருக்க மாட்டார். அவ்வளவு சிறிய கூட்டம். டாக்டர், வக்கீல், கடைக்காரர், தொழிலாளி என்று எல்லா வேலையும் செய்தார்கள்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அவருடைய கட்சிக்காரர்களை நாஜிகள் என்று சொல்வார்கள். நாட்டின் கஷ்டத்துக்கெல்லாம் யூதர்களே காரணம் என்று அவர்கள் பிரசாரம் செய்தார்கள். அது பொய். திரும்பத் திரும்பச் சொன்னதால் பலர் நம்பினார்கள். நம்பாதவர்களில் பலர் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்போது இங்காவுக்கு 10 வயது. அவர் 1922இல் பிறந்தவர். அப்பா மார்ட்டின் பள்ளி ஆசிரியர். அவர் ஹிட்லரை எதிர்த்த ஒரு கட்சியில் இருந்தார். அதோடு யூதர் வேறு. வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஒவ்வொன்றாகப் பறித்தார்கள்

ஒரே நாளில் எல்லாவற்றையும் பறிக்கவில்லை. இதை நாம் கவனிக்க வேண்டும். இன்று ஒரு சட்டம், அடுத்த மாதம் இன்னொரு சட்டம் என்று கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒவ்வொரு தடவையும் மக்கள் "இதோடு நின்றுவிடும்" என்று நினைத்தார்கள்.

அரசு வேலை போனது. 1938 நவம்பரில் யூதர்களின் கோவில்களைக் கொளுத்தினார்கள், கடைகளை உடைத்தார்கள். அதே மாதம் யூதப் பிள்ளைகள் பொதுப் பள்ளிகளில் படிக்கத் தடை வந்தது. யூதர்களின் அடையாள அட்டையில் ஒரு பெரிய எழுத்து அச்சடிக்கப்பட்டது. 'யூதர்' என்ற ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து அது. 1939 ஜனவரி முதல் யூதப் பெண்கள் எல்லோரும் 'சாரா' என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. ஆண்கள் 'இஸ்ரேல்' என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். பெயரைக் கேட்டவுடனே ஆள் யார் என்று தெரிந்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். பெற்றவர்கள் வைத்த பெயரில் அரசாங்கம் கை வைத்தது.

வெளிநாடு போய்விட்டால் பிழைக்கலாம். ஆனால் வெளிநாடுகள் எளிதில் கதவைத் திறக்கவில்லை. செலவுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். 1939இல் அப்பாவுக்கு மட்டும் இங்கிலாந்து போக வழி கிடைத்தது. முதலில் அவர் போவது, பிறகு மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அப்பா போனார். செப்டம்பரில் உலகப் போர் வெடித்தது. எல்லை மூடியது. தாயும் மகளும் பெர்லினில் மாட்டிக்கொண்டார்கள்.

போர்க்காலத்தில் சட்டங்கள் இன்னும் கடுமையாயின. யூதர்கள் வானொலி வைத்துக்கொள்ளக் கூடாது. பெர்லினில் மாலை 4 மணி முதல் 5 மணி வரைதான் கடைக்குப் போகலாம். அந்த நேரத்தில் கடையில் என்ன மிச்சம் இருக்கும்? நீங்களே யோசித்துப் பாருங்கள். 1941 செப்டம்பர் 19 முதல் 6 வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் எல்லோரும் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. நட்சத்திரம் இல்லாமல் பிடிபட்டால் தண்டனை. இங்கா துணிந்த பெண். நட்சத்திரம் தைத்த உடையோடு வீட்டிலிருந்து கிளம்புவார். வழியில் ஒரு வீட்டு வாசலில் ஒதுங்கி, நட்சத்திரம் இல்லாத உடைக்கு மாறிக்கொள்வார்.

அதற்கு அடுத்த மாதமே, 1941 அக்டோபரில், பெர்லினிலிருந்து யூதர்களை ரயில் ஏற்றி அனுப்பத் தொடங்கினார்கள். கிழக்கே வேலைக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

பார்வையற்றவர்களின் பட்டறை

இங்காவைக் கட்டாய வேலையாக ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். பாராசூட்டுக்கான பட்டு நூல் தயாரிக்கும் இடம் அது. பிறகு அங்கிருந்து தப்பி, பெர்லினின் ரோசந்தாலர் தெருவில் 39ஆம் எண் கட்டடத்தில் இருந்த ஒரு சிறிய பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அது விளக்குமாறும் பிரஷ்ஷும் செய்யும் பட்டறை. முதலாளி ஓட்டோ வைட். அவர் யூதர் அல்ல. முன்பு வீடுகளில் சுவருக்குக் காகிதம் ஒட்டும் வேலை செய்தவர். கண் பார்வை மங்கிப்போனதால் அந்த வேலையை விட்டு, விளக்குமாறு கட்டக் கற்றுக்கொண்டார். அவரிடம் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பார்வையற்ற யூதர்கள். காது கேளாதவர்களும் இருந்தார்கள்.

பட்டறையில் செய்த பிரஷ்கள் ராணுவத்துக்குப் போயின. ஆகவே அது போருக்குத் தேவையான வேலை என்று பதிவாகியிருந்தது. அந்தப் பதிவுதான் வேலைக்காரர்களுக்குக் கவசம். வைட் கெட்டிக்காரர். செய்த பிரஷ்கள் எல்லாவற்றையும் ராணுவத்துக்குக் கொடுத்துவிட மாட்டார். போர்க்காலத்தில் பிரஷ்ஷுக்குக் கிராக்கி இருந்தது. கொஞ்சத்தை ரகசியமாக விற்பார். அதில் கிடைக்கும் பொருளை அதிகாரிகளுக்கு லஞ்சமாகக் கொடுப்பார். கெஸ்டப்போ என்ற ரகசியப் போலீசுக்கும் கொடுப்பார். லஞ்சம் கெட்டதுதான். அந்த இடத்தில் அது உயிர்களைக் காப்பாற்றியது.

யூதர்கள் அலுவலக வேலை பார்க்கக் கூடாது என்று விதி. வைட் அதையும் மீறினார். இங்காவை அலுவலகத்தில் வைத்துக்கொண்டார். சோதனைக்கு ஆள் வந்தால் இங்கா மறைந்துகொள்ள வேண்டும்.

ஒரு நாள் ரகசியப் போலீஸ் வந்து பார்வையற்ற தொழிலாளர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஊரைவிட்டு அனுப்பப்போகிறவர்களை அடைத்துவைக்கும் இடம் பக்கத்தில்தான் இருந்தது. வைட் அங்கே நேரில் போனார். ராணுவ வேலை நின்றுபோகும் என்று வாதாடினார், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார். அவர்களை மீட்டுவிட்டார். பெர்லின் தெருவில் அவர் முன்னே நடந்தார். மார்பில் மஞ்சள் நட்சத்திரத்தோடு பார்வையற்றவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாகப் பின்னால் வந்தார்கள். அந்தக் காட்சியை இங்கா கடைசிவரை மறக்கவில்லை.

எப்போதும் அப்படி மீட்க முடியவில்லை. 1943 பிப்ரவரி இறுதியில் பெர்லின் தொழிற்சாலைகளில் மிச்சமிருந்த யூதர்களை ஒரே வீச்சில் பிடித்தார்கள். வைட்டின் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அப்போது போய்விட்டார்கள்.

சலவைக்கடைக்கார அம்மா

அதற்குள் இங்காவும் தாயும் தலைமறைவாகியிருந்தார்கள். அந்தத் துணிச்சலைக் கொடுத்தவர் எம்மா கும்ஸ் என்ற பெண். அவரும் கணவரும் சலவைக்கடை நடத்தினார்கள். பெரிய படிப்போ பதவியோ இல்லாதவர்கள். ஆனால் ஒரு விஷயம் எம்மா காதுக்கு எட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டுப் பையன் சிப்பாயாகப் போயிருந்தான். லீவில் வந்தவன் போலந்தில் யூதர்களுக்கு நடப்பதைச் சொல்லியிருந்தான். வேலைக்குக் கூட்டிப்போவது பொய். கொல்லத்தான் கூட்டிப்போகிறார்கள்.

எம்மா இங்காவின் தாயிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார். அழைப்பு வந்தால் போகக் கூடாது, நாங்கள் உதவுகிறோம் என்றார். 1943 ஜனவரியில் தாயும் மகளும் நட்சத்திரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டை விட்டு வெளியேறினார்கள். முதல் அடைக்கலம் கும்ஸ் தம்பதியிடம் கிடைத்தது.

ஒளிந்து வாழ்வது என்றால் என்ன?

ஒளிவது என்றால் ஓர் அறைக்குள் பூட்டிக்கொண்டு கிடப்பது என்று நாம் நினைப்போம். சிலர் அப்படித்தான் வாழ்ந்தார்கள். பகலில் குழாயைத் திறக்க முடியாது, சத்தம் கேட்கும். இருமல் வந்தால் தலையணையில் முகத்தை அமுக்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் வேலைக்குப் போன நேரத்தில் உள்ளே காலடிச் சத்தம் கேட்டால், பக்கத்து வீட்டார் சந்தேகப்படுவார்கள். ஒவ்வொரு தெருவிலும் யார் வருகிறார், யார் போகிறார் என்று கண்காணிக்கக் கட்சி ஆள் வைத்திருந்தது.

இங்காவுக்கு வாய்த்தது வேறு விதம். அவர் வெளியே நடமாடினார், வேலைக்குப் போனார், டிராம் வண்டியில் ஏறினார். எல்லாம் வேறு ஆளாக. இதில் ஒரு காரணம் உண்டு. வயசுப் பையன் ஒருவன் சாதாரண உடையில் தெருவில் நடந்தால் "ஏன் ராணுவத்துக்குப் போகவில்லை?" என்று நிறுத்திக் கேட்பார்கள். பெண்ணை அப்படிக் கேட்க மாட்டார்கள். ஆனால் பெண்ணுக்கும் வேலை இருக்க வேண்டும், அதற்குச் சீட்டு இருக்க வேண்டும்.

அந்த நாட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் வேலைப் புத்தகம் என்று ஒன்று உண்டு. வைட் யாரோ ஒரு பெண்ணின் வேலைப் புத்தகத்தை இங்காவுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெண் யூதர் அல்ல. அவருடைய பெயரில் இங்கா அதே பட்டறையில் தொடர்ந்து வேலை பார்த்தார். சில காலம் கழித்து அந்தப் பெண்ணைப் போலீஸ் வேறு ஏதோ காரணத்துக்காகப் பிடித்துவிட்டது. அதன் பிறகு அந்தப் பெயரில் வேலை பார்க்க முடியவில்லை.

அதைவிடக் கஷ்டம் சாப்பாடு. போர்க்காலத்தில் ரொட்டி, கறி, கொழுப்பு எல்லாம் ரேஷனில்தான். தலைமறைவாக இருப்பவருக்கு ரேஷன் அட்டை கிடையாது. எங்கே போய் வாங்குவது? உதவி செய்தவர்கள் தங்கள் வீட்டுப் பங்கிலிருந்துதான் கொடுத்தார்கள். அவர்களுக்கே போதாத உணவு அது. இரண்டு பேர் சாப்பாட்டை நான்கு பேர் சாப்பிடுவது எப்படி என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காசு இருந்தால் கள்ளச் சந்தையில் வாங்கலாம். காசுக்காக வேலை செய்ய வேண்டும். வேலைக்குச் சீட்டு வேண்டும். இப்படி ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டே போகும்.

ஒரே வீட்டில் நெடுநாள் தங்கவும் முடியாது. "யார் இவர்கள்?" என்று அக்கம்பக்கத்தில் கேள்வி எழுந்ததும் மூட்டையைக் கட்ட வேண்டும். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று போக வேண்டும். அப்பாவின் பழைய கட்சி நண்பர்கள் சிலர் இடம் கொடுத்தார்கள். உதவியவர்கள் பிடிபட்டால் அவர்களுக்குச் சிறையோ முகாமோ கிடைக்கலாம். தெரிந்தேதான் செய்தார்கள். தலைமறைவான ஒருவரைக் காப்பாற்றப் பல சமயம் பத்துப் பேர் வரை தேவைப்பட்டது. ஒருவர் படுக்க இடம் தருவார். ஒருவர் ரொட்டிச் சீட்டு தருவார். ஒருவர் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவார். அதுவும் உதவிதான்.

பிரிட்டிஷ் விமானங்கள் இரவில் குண்டு போட்டன. மற்றவர்கள் எதிரி விமானம் என்று பயந்தார்கள். ஒளிந்திருந்தவர்களுக்கும் குண்டு பயம் உண்டு. ஆனாலும் ஹிட்லரைத் தோற்கடிக்க வருகிறவர்கள் அவர்கள்தானே! குண்டில் பல அலுவலகங்களும் பதிவேடுகளும் எரிந்தன. "வீடு எரிந்துவிட்டது, காகிதமெல்லாம் போய்விட்டது" என்று சொல்லித் தப்பித்தவர்கள் உண்டு.

காட்டிக்கொடுப்பவர்களும் இருந்தார்கள். பிடிபட்ட யூதர்களில் சிலரை மிரட்டியும் ஆசை காட்டியும் ரகசியப் போலீஸ் உளவு பார்க்க வைத்தது. தெருவில் பழைய பள்ளித் தோழியைப் பார்த்தால்கூட ஓடிப்போய்ப் பேச முடியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்க வேண்டும்.

வைட்டின் அலுவலகத்தில் ஆலிஸ் லிக்ட் என்ற இன்னொரு யூத இளம்பெண்ணும் இருந்தார். அவரையும் அவருடைய பெற்றோரையும் வைட் வேறோர் இடத்தில் ஒளித்து வைத்திருந்தார். 1943 அக்டோபரில் ஒரு துரோகியால் பிடிபட்டார்கள். ஆலிஸ் கடைசியில் போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். விஷவாயு விட்டு மக்களைக் கொன்ற முகாம் அது. ரயிலில் போகும்போது ஆலிஸ் ஒரு தபால் அட்டையை எழுதி வெளியே எறிந்தார். யாரோ அதை எடுத்துத் தபாலில் சேர்த்தார்கள். அட்டை வைட்டின் கைக்கு வந்தது. வைட் என்ன செய்தார் தெரியுமா? பிரஷ் விற்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, கண் சரியாகத் தெரியாத அந்த மனிதர் ஆஷ்விட்ஸ் வரை போனார். ஆலிஸை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். அந்த முகாம் இருந்த ஊரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, உடையும் பணமும் வைத்துவிட்டு, ஆள் மூலம் அவருக்குச் செய்தி அனுப்பினார். 1945 தொடக்கத்தில் முகாமைக் காலி செய்தபோது ஆலிஸ் தப்பி, பெர்லின் வந்து சேர்ந்தார். அவருடைய பெற்றோர் பிழைக்கவில்லை.

அகதி வேஷம்

1945 தொடக்கத்தில் சோவியத் படை கிழக்கிலிருந்து நெருங்கியது. எல்லைப் பக்கம் இருந்த ஜெர்மானியர்கள் வீடு வாசலை விட்டு ஓடிவந்தார்கள். இங்காவும் தாயும் இதை ஒரு வழியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். பெர்லினை விட்டுக் கொஞ்ச தூரம் போய், அகதிகள் வந்த ரயிலில் ஏறி, அகதிகளோடு அகதிகளாகத் திரும்பி வந்தார்கள். ஊர் கூபன் என்றார்கள். குடும்பப் பெயர் ரிக்டர் என்றார்கள். போர் நடக்கும் ஊரின் பதிவேட்டை யார் போய்ப் பார்க்க முடியும்? காகிதங்கள் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதல் தடவையாகத் தங்கள் கையில் ரேஷன் அட்டை! பெயர் மட்டும் தங்களுடையது அல்ல.

பெர்லினுக்குப் பக்கத்திலுள்ள போட்ஸ்டாமில், முன்பு ஆட்டுக் கொட்டகையாக இருந்த ஒரு சிறிய இடத்தில் அவர்கள் தங்கினார்கள். போர் முடியும்போது அங்கேதான் இருந்தார்கள்.

பெர்லினில் சுமார் 7000 யூதர்கள் இப்படித் தலைமறைவானார்கள். அவர்களில் சுமார் 1700 பேர்தான் உயிரோடு மிஞ்சினார்கள். ஐரோப்பா முழுவதும் கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் 60 லட்சம்.

அதற்குப் பிறகு

1946இல் தாயும் மகளும் இங்கிலாந்து போய் அப்பாவோடு சேர்ந்தார்கள். 7 ஆண்டுப் பிரிவு. ஓட்டோ வைட் 1947இல் இறந்தார். அவர் செய்தது அப்போது பலருக்குத் தெரியாது.

இங்கா 1954இல் இந்தியா, பர்மா, நேபாளம், இந்தோனேசியா நாடுகளில் பயணம் செய்தார். அடுத்த ஆண்டு ஜெர்மனி திரும்பிப் பத்திரிகையாளர் ஆனார். அங்கே அவருக்கு ஓர் அதிர்ச்சி. பழைய நாஜிகள் பலர் பெரிய பதவிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. மனம் வெறுத்து இஸ்ரேல் நாட்டுக் குடியுரிமை பெற்றார், பின்னர் அங்கேயே குடியேறினார்.

1978இல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். 'நான் மஞ்சள் நட்சத்திரம் அணிந்தேன்' என்பது அதன் பெயர். அதை வைத்து 1989இல் பெர்லினில் ஒரு நாடகம் போட்டார்கள். நாடகத்தின் பெயர் 'இன்று முதல் உன் பெயர் சாரா'.

பிழைத்தவர் நிம்மதியாக இருந்திருப்பார் என்று நமக்குத் தோன்றும். அப்படி இல்லை. மற்றவர்களைக் கூட்டிப்போனபோது நான் மட்டும் ஒளிந்துகொண்டேனே, எந்த உரிமையில் அப்படிச் செய்தேன் என்ற எண்ணம் அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. 2013 ஜனவரியில் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் பேச அழைத்தார்கள். அப்போது அவருக்கு 90 வயது. அங்கேயும் இதைச் சொன்னார். அரசு பதக்கம் தருவதாகச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். அதே பதக்கத்தைப் பழைய நாஜிகளுக்கும் கொடுத்திருந்தார்கள் என்பது அவர் கோபம்.

அவர் கேட்டது வேறு ஒன்று. ஓட்டோ வைட், எம்மா கும்ஸ் போன்ற சாதாரண மனிதர்களை நாடு நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று விடாமல் பேசினார், எழுதினார். 2022 மார்ச் 9 அன்று, 99ஆவது வயதில், பெர்லினில் காலமானார்.

அந்தப் பட்டறை இன்று ஓர் அருங்காட்சியகம். பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு சிறிய அறை இருக்கிறது. அதன் வாசலை ஓர் அலமாரி வைத்து மறைத்திருந்தார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் 1943இல் அங்கே பல மாதங்கள் ஒளிந்திருந்தது. அக்டோபரில் அவர்களும் பிடிபட்டார்கள், ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். இன்று அங்கே போகிறவர்கள் அந்த அறைக்குள் நின்று பார்க்கலாம். உள்ளே போகக் கட்டணம் இல்லை.